எட்டாம் நம்பர் ஷூவும் ஒரு ஜோடி பருத்தி சாக்ஸும்

விதிமுறைகளைக் கரைத்துக் குடித்தவன் செய்கிற தவறுக்குத் தனி அழகு உண்டு. மற்றவர்களின் தவறு அவசரத்தில் நேர்வது, பார்த்தவுடன் தெரிந்துவிடும். எங்கள் தவறு படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் காரணம் எழுதப்பட்டு, எந்தத் தணிக்கையிலும் சிக்காதபடி வளரும். அரசுத் துறை ஒன்றின் கொள்முதல் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். குண்டூசி முதல் ஜெனரேட்டர் வரை வாங்கிப் போட்டிருக்கிறேன். எனக்கென்று ஒரு ஜோடி ஷூவும் சாக்ஸும் வாங்கத் தெரியவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஓய்வு பெற்ற வருடமே சர்க்கரை ஏறிவிட்டது. (பணியில் இருந்தபோது ஏற அதற்கும் மேலிடத்து அனுமதி கிடைக்கவில்லை போலிருக்கிறது.) ஆழ்வார்பேட்டையில் நாங்கள் பார்க்கும் டாக்டர் நடக்கச் சொன்னார். மந்தைவெளியிலிருந்து விடியற்காலையில் ஸ்கூட்டரில் பெசன்ட் நகர் போய், கடற்கரைச் சாலையில் மூன்று வருடம் நடந்தேன். ஒருநாள் நாய் துரத்தியதில் ஐம்பது அடி ஓடினேன். நாய் நின்ற பிறகும் நான் நிற்கவில்லை. நன்றாக இருந்தது. அன்று தொடங்கியதுதான் ஓட்டம். நாலே மாதத்தில் சர்க்கரை இறங்கியது. டாக்டர் ஒரு மாத்திரையைப் பாதியாக்கினார். அறுபத்து மூன்று வயதில், யாருடைய ஆணையும் இல்லாமல் என் உடம்பு தானாக ஒரு காரியம் செய்கிறது என்பதில் எனக்கு ஏற்பட்ட கர்வத்தை வெளியில் சொல்லவில்லை.

ஆனால் டாக்டர் ஒரு எச்சரிக்கையும் கொடுத்திருந்தார். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் நரம்பு மெதுவாக மரத்துப்போகும், காயம் பட்டால் வலிக்காது, வலிக்காததால் கவனிக்க மாட்டீர்கள், கவனிக்காவிட்டால் புரையோடும் என்று, பஸ் வழித்தடம் சொல்வதுபோல ஒவ்வொரு நிறுத்தமாகச் சொன்னார். கடைசி நிறுத்தம் எது என்று எங்களுக்கு அவர் சொல்ல வேண்டியதில்லை. என் அண்ணனின் வலது கால் கட்டைவிரல் போனது ஒரு புதுச் செருப்பு கடித்ததில்தான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வசந்தா தீர்ப்பு சொல்லிவிட்டாள். "உங்க கால்ல ஒரு கொப்புளம் பார்த்தேன்னா அன்னையோட ஓட்டம் முடிஞ்சுது. அப்புறம் மொட்டைமாடியில எட்டு போட்டு நடங்க, போதும்."

மேல்முறையீடு கிடையாது. ஆக, என் ஓட்டம் முழுவதும் பத்து விரல்களின் தோலைப் பொறுத்து நின்றது.

இந்த நிலையில்தான் பெசன்ட் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். அதுவரை ஓடியது பழைய கேன்வாஸ் ஷூவில். அடையாறில் இருக்கும் என் மகள் கவிதா அதைத் திருப்பிப் பார்த்து, இதில் அடிப்பாகம் என்று ஒன்று இருந்ததற்கான தடயம்தான் இருக்கிறது என்றாள். புதுசு வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவாயிற்று. ஷூ சரியில்லை என்றால் கொப்புளம். கொப்புளம் என்றால் மொட்டைமாடி. அதற்கு அடுத்து அண்ணனின் கால்.

பயந்தவன் கடவுளிடம் போவான், அல்லது நடைமுறையிடம் போவான். நான் நடைமுறையிடம் போனேன். மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் என மூன்று கடைகளில் விவரம் கேட்டு ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தேன். எடை, அடிப்பாகத்தின் தடிமன், மேல்துணியின் காற்றோட்டம், நாடாவின் நீளம் என்று பதினோரு பத்திகள். வசந்தா அதைப் பார்த்துவிட்டு, போட்டுப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்பதற்குப் பத்தி எங்கே என்று கேட்டாள். அது அகவயமான கருத்து, அட்டவணையில் வராது என்று விளக்கினேன்.

தி.நகர் கடை தேர்வானது. கூட்டத்துக்குப் பயந்து, காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விட்டேன். விற்பனைக்கு நின்றவர் ஐம்பது வயதுக்காரர், திருநெல்வேலிப் பக்கம். என் காலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், சாயங்காலமா வந்து அளவு பாருங்களேன். காலையில கால் சின்னதா இருக்கும். நடந்து திரிஞ்ச பொறவு கொஞ்சம் உப்பும்."

நேரத்துக்கு நேரம் மாறுகிற அளவை எந்த ஆவணத்தில் எழுதுவது என்று கேட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எட்டாம் நம்பர். இடையில் எத்தனையோ அரசாங்கங்கள் மாறிவிட்டன, என் கால் மாறவில்லை.

அவர் பொறுமைசாலி. "ஓடுததுக்குன்னா ஒரு நம்பர் கூட எடுங்க சார். நுனியில ஒரு பெருவிரல் கெடக்க எடம் வேணும்" என்றார். எட்டைப் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. விரல்கள் ஒன்றையொன்று தோளோடு தோள் உரசிக்கொண்டு, ஏழாம் நம்பர் பஸ்ஸில் நிற்பவர்கள்போல நின்றன. ஆடாமல் அசையாமல் இருந்தால் உராய்வு எப்படி வரும்? எட்டே முடிவு.

அடுத்து சாக்ஸ். மெல்லிசாக, வழுவழுப்பாக ஒன்றை எடுத்துக் காட்டினார். செயற்கை இழை. வியர்வையை வெளியே தள்ளிவிடுமாம். நான் அதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். சென்னை வெயிலுக்குப் பருத்திதான், அதிலும் துண்டுபோலத் தடியாக, வெள்ளையாக இருக்க வேண்டும் என்றேன். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு அங்கேயே குடியிருக்கும், ஈரத்தில்தான் தோல் உரியும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். இருப்பில் தேங்கிய சரக்கைத் தள்ளிவிடும் முயற்சி என்று நான் முடிவு கட்டினேன். (எத்தனை ஒப்பந்தக்காரர்களைப் பார்த்தவன் நான்.) அட்டவணையின் கீழே நிராகரிப்புக்கான காரணம்கூட எழுதி வைத்தேன்.

ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. கடற்கரையில் என்னோடு ஓடுகிற ஏழுமலை, பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், ஷூ வாங்கியாச்சா என்று விசாரித்தார். ஆச்சு, ஓட்டத்தன்றுதான் பிரிக்கப் போகிறேன் என்றேன். அவர் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்.

"இன்னா சார் சொல்ற? புச்ச போட்டுக்கினு பத்து கிலோமீட்டரா? ரெண்டு வாரம் போட்டுப் பழக்கு சார்."

எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. தீபாவளித் துணியைத் தீபாவளிக்கு முன்னால் போட்டுப் பழக்குவார்களா? புதியதை அதற்குரிய நாளில் அணிவதுதான் மரியாதை. பழைய கேன்வாஸிலேயே பயிற்சியைத் தொடர்ந்தேன். புதுசு பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

தீபாவளி என்றதும்தான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. புதுத்துணி என்றால் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் உடுத்தியதில்லை. செருப்பு, ஷூவுக்கெல்லாம் அது கிடையாது. அவை வாசலோடு சரி. ஆனால் சாக்ஸ்? நான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஷூ காலணி. சாக்ஸ் நூலால் நெய்தது, ஜவுளிக் கணக்கில் வருவது. ஜவுளி என்றால் மஞ்சள் உண்டு. மற்ற சமயமாக இருந்தால் விட்டிருப்பேன். அண்ணனின் கால் கண்முன் நிற்கும்போது, ஒரு படியைத் தாண்டிப் போய்விட்டு அப்புறம் வருந்த நான் தயாராக இல்லை.

சாக்ஸுக்கு யாராவது மஞ்சள் வைப்பார்களா என்று வசந்தா சிரிப்பாள் என்பதால், அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் நானே செய்தேன். சாக்ஸுக்கு ஓரம் எது என்பது அடுத்த சிக்கல். புடவைக்கு முந்தானை, வேட்டிக்குக் கரை. சாக்ஸுக்கு இருப்பது ஒரே முனை, விரல் போய் முட்டுகிற இடம். வெளியே வைத்தால் வெள்ளையில் கறை தெரியும். ஆகவே உள்பக்கமாகத் திருப்பி, நுனியில் வைத்தேன். காரியம் பெரியது என்பதால் மஞ்சளைக் குழைத்துத் தாராளமாகவே அப்பினேன். மேலே குங்குமமும் தண்ணீர் தொட்டு வைத்தேன். வலது காலில் மட்டும்தான். இருப்புப் பதிவேட்டு விதிப்படி ஒரு ஜோடி என்பது ஒரு உருப்படி. ஓர் உருப்படிக்கு ஒரு முத்திரை போதும். பிறகு சாக்ஸைத் திருப்பி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, நிம்மதியில் அதை அடியோடு மறந்தேன்.

மூன்று வாரத்தில் குழைத்த மஞ்சள் என்ன ஆகும் என்று சமையல் செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சுண்டைக்காய் வற்றல் ஆகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இருட்டுப் பிரியும் நேரத்தில் பெட்டியைப் பிரித்து, சாக்ஸை மாட்டி, ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். வசந்தாவும் கவிதாவும் ஓட்டம் முடியும் இடத்தில் காத்திருப்பதாக ஏற்பாடு. முதல் நூறு அடியிலேயே வலது கட்டைவிரலின் நுனியில் ஏதோ குத்தியது. கல் என்று நினைத்தேன். நின்று, கழற்றிப் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. பார்க்கத் தைரியம் வரவில்லை. பார்த்து, அங்கே தோல் உரிந்திருந்தால்? பார்க்காத வரையில் அது கோப்பில் இல்லை.

முதல் கிலோமீட்டர் முழுக்கக் குத்தியது. இரண்டாவதில் அறைந்தது. என் முகம் எப்படி இருந்ததோ, தானும் பெயர் கொடுத்துப் பக்கத்தில் வந்த ஏழுமலை, "இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது: வலிக்கிறது என்றால் நரம்பு உயிரோடு இருக்கிறது. டாக்டர் பயமுறுத்தியது வலிக்காத காலைப் பற்றித்தான். ஆகவே ஒவ்வொரு குத்தலையும் நற்செய்தியாக வாங்கிக்கொண்டு ஓடினேன். வலியை இவ்வளவு ஆவலாக வரவேற்ற மனிதனைப் பெசன்ட் நகர் கடற்கரை பார்த்திருக்காது.

நாலாவது கிலோமீட்டர் தாண்டியதும் வலி நின்றுவிட்டது.

குறையவில்லை, நின்றுவிட்டது. வலது கட்டைவிரலைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. தடித்த பருத்தி சாக்ஸ் இதற்குள் வியர்வையில் ஊறிக் கஞ்சித் துணிபோல ஆகியிருந்தது. கால் கொழகொழவென்று நகர்ந்தது. மரத்துவிட்டது. அண்ணனுக்கு எந்த விரலோ, எனக்கும் அதே விரல். குடும்பத்தில் ஒழுங்குமுறை அப்படி. ஓடிக்கொண்டே அந்த விரலை அசைக்கப் பார்த்தேன். எட்டாம் நம்பர் ஷூவில் அசைக்க இடமில்லை.

ஏழுமலை கீழே பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "சார், பயந்துக்காத. ஷூ நுனியில இன்னாமோ மஞ்சளா ஊறிக்கினு வருது. செவப்பா வேற கீது" என்றார்.

குனிந்து பார்த்தேன். சாம்பல் நிற ஷூவின் வலைத்துணி வழியே மஞ்சளும் சிவப்புமாகக் கசிந்திருந்தது. எனக்குத் தெரிந்த மனித உடலில் அந்த இரண்டு நிறங்களும் சேர்ந்து வருவதற்கு ஒரே அர்த்தம்தான். சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏழுமலை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, ஓரத்தில் இருந்த முதலுதவிப் பந்தலில் கொண்டுபோய் உட்கார வைத்தார். நான் கேட்காமலே, என் நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் எழுதியிருந்த வசந்தாவின் எண்ணுக்குப் போனும் போட்டார்.

பந்தலில் ஓர் இளம் டாக்டர், கவிதாவைவிடச் சின்னப் பெண். எத்தனை வருடமாகச் சர்க்கரை, என்ன மாத்திரை, குடும்பத்தில் யாருக்காவது கால் பிரச்சினை உண்டா என்று கேட்டாள். அண்ணனின் விரலைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் மாறியது. கையுறையை மாட்டிக்கொண்டு, ஷூவை மெல்லக் கழற்றி, சாக்ஸை அங்குலம் அங்குலமாக உருட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அவள் குனிந்து மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சார்," என்றாள், "இது சமையலறை வாசனை அடிக்குதே."

அந்தச் சமயத்தில் வசந்தாவும் கவிதாவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். வசந்தா என் விரலைப் பார்த்தாள், சாக்ஸைப் பார்த்தாள், உள்பக்கம் திருப்பினாள். நாற்பது வருடமாகப் புதுத்துணிக்கு மஞ்சள் வைத்த கைக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"சாக்ஸுக்கு மஞ்சள் வெச்சீங்களா?"

ஜவுளிக் கணக்கில் வருவதால் வைத்தேன் என்றேன்.

கவிதாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் ஏழுமலை, டாக்டர், பந்தலில் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த முன்பின் தெரியாத மூன்று பேர். டாக்டர் விரலைக் கழுவித் துடைத்தாள். தோலில் ஒரு சிறு சிவப்பு, அவ்வளவுதான். காய்ந்து குத்திய மஞ்சள் வியர்வையில் ஊறிக் கரைந்ததும் வலி போயிருக்கிறது. என் நரம்பு பூரண ஆரோக்கியத்தில் இருந்தது. நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. மீதி ஆறு கிலோமீட்டரை ஓடி முடிக்கலாமா என்றுகூடக் கேட்டேன்.

"எதுக்கும் அந்தக் காலையும் பாத்துடறேன் சார்" என்று அவள் இடது ஷூவைக் கழற்றினாள்.

இடது காலை நான் அன்று முழுவதும் நினைக்கவே இல்லை. அது எந்தத் தொந்தரவும் தரவில்லை. சாக்ஸை உருவியதும் சுண்டுவிரலின் பக்கத்தில் திராட்சை அளவு கொப்புளம், உடைந்து, தோல் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இறுக்கமான ஷூவும் ஈரச் சாக்ஸும் சேர்ந்து செய்த வேலை. டாக்டர் என்னைப் பார்த்து, வலிக்கவில்லையா என்று கேட்டாள்.

வலிக்கவில்லை.

சிரிப்பு அங்கேயே நின்றது. வசந்தா இரண்டு ஷூக்களையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். ஓட்டம் முடிந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான அரசாணையை நான் பார்த்ததில்லை.

புண் ஆற ஒரு மாதம் ஆயிற்று. ஆழ்வார்பேட்டை டாக்டர் மெல்லிய நைலான் இழை ஒன்றால் என் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பரிசோதித்தார். இடது சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் கொஞ்சம் மந்தம், மற்றவை சரி என்றார். ஓடலாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் வசந்தாவைப் பார்த்தார். ஓடினால்தான் சர்க்கரை நிற்கும், ஆனால் தினமும் யாராவது காலைப் பார்க்க வேண்டும் என்றார்.

வசந்தா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம், நாள் முழுக்க என்னை வீட்டு வேலைக்காக நடக்கவிட்டு, கால் உப்பிய பிறகு அதே தி.நகர் கடைக்குக் கூட்டிப்போனாள். ஒன்பதாம் நம்பர். நுனியில் தன் கட்டைவிரலை அழுத்திப் பார்த்து, இடம் இருக்கிறது என்று ஒப்புதல் கொடுத்தாள். நான் நிராகரித்த அதே வழுவழுப்பான சாக்ஸில் நாலு ஜோடி எடுத்தாள். விற்பனைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. (பேசியிருந்தால் தேவலை.) வீட்டுக்கு வந்ததும் போட்டுக்கொண்டு கூடத்தில் நடக்கச் சொன்னாள். பத்து நாள் கூடத்திலேயே நடந்து பழக்கினேன்.

அன்றிலிருந்து தினமும் மாலை காப்பிக்குப் பிறகு ஆய்வு. நான் கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டி உட்கார வேண்டும். அவள் ஒவ்வொரு விரலாக மெல்லத் தொடுவாள். எந்த விரல் என்று நான் சொல்ல வேண்டும். ஒன்று தவறினாலும் மறுநாள் ஓட்டம் கிடையாது. முதல் வாரம் நான் பட்ட பாடு பணியில் எந்தத் துறைத் தேர்விலும் பட்டதில்லை. இடது ஓரத்துக்கு வரும்போது மூச்சை அடக்கிக்கொண்டு கவனிப்பேன். ஏதோ பட்டதுபோலவும் இருக்கும், படாததுபோலவும் இருக்கும்.

இரண்டாவது வாரம் எனக்கு ஒன்று புலப்பட்டது. வசந்தா எப்போதும் வலது கட்டைவிரலில் தொடங்கி வரிசையாக இடது சுண்டுவிரலில் முடிக்கிறாள், ஒரே தாளத்தில். வினாத்தாள் வெளியான மாதிரிதான். அதன்பிறகு எல்லா நாளும் பத்துக்குப் பத்து. அவளுக்கும் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அது எனக்குக் குறுகுறுத்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் காலையில் கடற்கரைச் சாலையில் காற்று முகத்தில் அடிக்கும்போது அந்தக் குறுகுறுப்பு காணாமல் போய்விடும்.

ஒரு சனிக்கிழமை கவிதா வந்திருந்தாள். வழக்கம்போல ஆய்வு நடந்தது. கண்ணை மூடியபடி எட்டு விரல்களைச் சொல்லிவிட்டேன். ஒன்பதாவதைச் சொன்னேன். தாளம் தவறாமல் பத்தாவதையும் சொன்னேன். "சுண்டுவிரல்."

கண்ணைத் திறந்தேன். வசந்தா என் பக்கமே இல்லை. கவிதா நீட்டிய காப்பி டம்ளரை வாங்குவதற்காக அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"அம்மா இன்னும் தொடவே இல்லப்பா" என்றாள் கவிதா.

வசந்தா காப்பியைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் இடது சுண்டுவிரலைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அது தெரிந்தது. இப்போது பிடித்திருக்கிறாய் என்று நானாகவே சொன்னேன். "பார்த்துக்கிட்டுத்தானே சொல்றீங்க" என்றாள்.

இரண்டு வாரம் ஓட்டம் ரத்து. அதன்பின் வரிசை கிடையாது. எந்த விரலை எப்போது தொடுவாள் என்று அவளுக்கே தெரியாது. பத்துக்கு எட்டு வாங்குகிறேன், சில நாள் ஒன்பது. எட்டுக்குக் குறைந்தால் டாக்டரிடம் போவதென்று ஒப்பந்தம் திருத்தப்பட்டிருக்கிறது. ஞாயிறு தோறும் ஓடுகிறேன்.

போன வாரம் உறவில் ஒரு கல்யாணம், மயிலாப்பூரில். பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்தவுடன், பெண்ணின் அப்பா எங்கள் வரிசைக்கு வந்து குனிந்து, சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்டார். எல்லாப் பந்தியிலும் சொல்கிற பழக்கத்தில், பிரமாதம், அதிலும் அந்த வத்தக்குழம்பு, என்றேன். இலையில் உப்புகூட விழுந்திருக்கவில்லை. அவர் குழம்பிப்போய் நின்றார். என் வலப்பக்கம் இருந்த வசந்தா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கவிதா, மாமா தப்பாக நினைக்கக் கூடாதே என்ற அக்கறையோடு, பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"அம்மா இன்னும் தொடவே இல்லப்பா."